பணி முடிந்த பின் அரசு ஊழியர்: எது அவர் சொந்த விஷயம், எது நம் விஷயம்?

சிங்கப்பூரில் அரசு ஊழியர் ஒருவர் மீது வழக்கு என்று செய்தி வந்தால், கோப்பிக் கடை மேசையில் இரண்டு குரல்கள் கேட்கும். "வேலை நேரத்திலா செய்தார்? அவர் சொந்த நேரத்தில் செய்ததற்கு நமக்கு என்ன?" என்பது ஒன்று. "மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர். விசாரணை எதற்கு? இன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே?" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டும் பிழை. முதல் குரல் கடிகாரத்தைப் பார்க்கிறது. இரண்டாவது குரல் ஆளை மட்டும் பார்க்கிறது. பார்க்க வேண்டியது, அவர் செய்த செயலுக்கும் வகிக்கும் பதவிக்கும் இடையே இருக்கும் தொடர்பை.

அந்தத் தொடர்பை யார், எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சட்டம் படிக்காதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். வழக்கறிஞர்கள் வாதிடும் நுணுக்கங்களை விட்டுவிட்டேன். இந்த அடிப்படை புரியாமல் பேசுவதால் உண்மையான தவறுகள் தப்பிவிடுகின்றன. தவறு செய்யாதவர்களின் குடும்பங்கள் அவமானப்படுகின்றன. இரண்டும் நம் சமூகத்தில் நடக்கின்றன என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

உண்டியல் சாவி வைத்திருப்பவர்

ஒரு கோயிலின் பொருளாளரை எடுத்துக்கொள்வோம். உண்டியல் சாவி அவரிடம் இருக்கிறது. பகலில் வேறு வேலை, மாலையில் கோயில் கணக்கு. அவரைப் பற்றி நான்கு செய்திகள் நிர்வாகக் குழுவின் காதுக்கு வருகின்றன.

முதலாவது, அவருக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை, பிரிந்து வாழ்கிறார்கள். இரண்டாவது, சூதாட்டக் கூடத்தில் பணத்தை இழந்து கடன்முதலையிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார். கோயில் காசில் ஒரு வெள்ளியைக்கூட அவர் தொடவில்லை. மூன்றாவது, குடமுழுக்குக்கு வண்ணம் பூசும் குத்தகைக்கு, அதாவது ஒப்பந்த வேலைக்கு, விலைப்புள்ளி கொடுத்திருக்கும் ஒருவர் வாரந்தோறும் அவரை வெளியே அழைத்துப் போய் விருந்து வைக்கிறார். நான்காவது, தேக்கா சந்தையில் நாலு பேர் முன்னிலையில் ஒருவரை இனத்தைச் சொல்லி இழிவாகத் திட்டியிருக்கிறார்.

நான்கும் கோயில் வேலை நேரத்துக்கு வெளியே நடந்தவை. ஆனால் நான்கையும் யாரும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள். மனைவியைப் பிரிந்தது அவர் வீட்டுக் கவலை. அதற்காகச் சாவியைத் திருப்பிக் கேட்க முடியாது. கடன் விஷயம் அப்படியல்ல. அவர் திருடவில்லைதான். ஆனாலும் உண்டியல் எண்ணும் நாளில் அவரைத் தனியாக அமர வைக்க எந்த நிர்வாகமும் யோசிக்கும். குத்தகையாளர் வைக்கும் விருந்தில் சாவியே விலை பேசப்படுகிறதோ என்ற கேள்வி வருகிறது. சந்தையில் பேசிய பேச்சு, அவர் எல்லாப் பக்தர்களையும் சமமாக நடத்துவாரா என்ற சந்தேகத்தைக் கிளப்புகிறது.

சிங்கப்பூரில் அரசு ஊழியர்களுக்கான விதிகளும் ஏறக்குறைய இந்த நான்கு கேள்விகளைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில், யார் அரசு ஊழியர்?

கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் எல்லாரும் அரசாங்க ஆள் என்று நினைப்பது வழக்கம். உண்மையில் மூன்று வகையினர் இருக்கிறார்கள். யார் மீது யார் நடவடிக்கை எடுக்கலாம் என்பது இந்த வகையைப் பொறுத்தது.

அமைச்சுகளில் வேலை செய்பவர்கள் நேரடி அரசாங்க ஊழியர்கள். அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களும் இதில் சேர்த்தி. அடுத்து ஆணைபெற்ற கழகங்கள். நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஒரு குறிப்பிட்ட பணிக்காக அமைக்கும் நிறுவனமே ஆணைபெற்ற கழகம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நிலப் போக்குவரத்து ஆணையம், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் எல்லாம் அப்படிப்பட்டவை. நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று, இந்து அறக்கட்டளை வாரியமும் ஆணைபெற்ற கழகம்தான். 16 அமைச்சுகளையும் 50க்கும் மேற்பட்ட இந்தக் கழகங்களையும் சேர்த்துப் பொதுச் சேவை என்கிறோம்.

மூன்றாவது வகைதான் அதிகம் குழப்புகிறது. மற்ற நாடுகளில் மாநகராட்சி, நகராட்சி என்று உள்ளாட்சி உண்டு. இங்கும் 1957இல் மக்கள் தேர்ந்தெடுத்த நகராண்மைக் கழகம் இருந்தது. 1959இல் அதன் பணிகள் மத்திய அரசாங்கத்துக்குப் போய்விட்டன. இன்று உள்ளாட்சிக்கு நெருக்கமாக நம்மிடம் இருப்பது நகர மன்றம். 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கி, 1988இல் அதற்கெனச் சட்டம் வந்தது. நம் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, வெற்றுத்தளத் துப்புரவு எல்லாம் அதன் பொறுப்பு. மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அங்கேதான் போகிறது. நகர மன்றத்தை வழிநடத்துபவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஆனால் அன்றாட வேலையைப் பல நகர மன்றங்கள் நிர்வாக முகவர் எனப்படும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கின்றன. ஆக, முகப்பில் உங்கள் புகாரை எழுதிக்கொள்பவர் தனியார் ஊழியராக இருக்கலாம்.

அப்படியானால் அவர்களுக்கு ஊழல் சட்டம் பொருந்தாதா? பொருந்தும். ஊழல் தடுப்புச் சட்டம் "பொது அமைப்பு" என்று ஒன்றை விளக்குகிறது. சட்டப்படி மக்களிடம் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தை நிர்வகிக்கும் மன்றமும் அதில் அடங்கும். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, யாருடைய பணத்தைக் கையாளுகிறார் என்பதே அங்கே முக்கியம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அரசாங்க ஊழியர், ஆணைபெற்ற கழக ஊழியர், நகர மன்றத்தைச் சேர்ந்தவர் ஆகிய மூவரையும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்துபவர்கள் வேறு வேறு. குற்றவியல் சட்டம் மூவருக்கும் ஒன்று.

கடன் எப்போது அரசாங்கத்தின் கவலையாகிறது?

அரசாங்க ஊழியர்கள் ஆண்டுதோறும் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும்: நான் கடும் பணநெருக்கடியில் இல்லை. "கடும் பணநெருக்கடி" என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பிணையில்லாக் கடன்கள், அதாவது வீடு, வாகனம் போன்ற எதையும் ஈடாக வைக்காமல் வாங்கியவை, மாதச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது.

எண்ணை வைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். ஒருவருக்கு மாதச் சம்பளம் 3,000 வெள்ளி. வீட்டுக் கடன் மூன்று லட்சம் வெள்ளி இருந்தாலும் அது கணக்கில் வராது, வீடு ஈடாக இருக்கிறது. ஆனால் கடன்பற்று அட்டைகளில் 6,000, வங்கியில் வாங்கிய தனிநபர் கடன் 4,000 என்றால் கூட்டுத்தொகை 10,000. எல்லை 9,000. அவர் நெருக்கடியில் இருப்பவராகக் கருதப்படுவார், மேலதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

"கடன் வாங்குவது குற்றமா?" என்று சிலர் கொதிப்பார்கள். குற்றமில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது, உரிமம் வழங்கும் மேசையிலோ கைதிகளைக் காவல் காக்கும் இடத்திலோ இருப்பவரை விலைக்கு வாங்குவது மற்றவர்களுக்கு எளிதாகிவிடுகிறது. மறைப்பதுதான் தவறாகப் பார்க்கப்படுகிறது. முன்கூட்டியே சொன்னவருக்கு வேறு பொறுப்புக்கு மாறவும், கடனைத் தீர்க்க வழி தேடவும் வாய்ப்பு இருக்கிறது.

சூதாட்டக் கூட விதி இதன் நீட்சி. இது வந்த கதை மனத்தை உறுத்தும். ஊழலைத் துப்பறியும் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிலேயே உதவி இயக்குநராக இருந்த ஒருவர், 1.7 மில்லியன் வெள்ளிக்கும் மேல் கையாடி அதில் பெரும்பகுதியைச் சூதாடித் தீர்த்தார். 2013இல் குற்றம் சாட்டப்பட்டு, 2014இல் பத்தாண்டுச் சிறை பெற்றார். அதன் பிறகு விதிகள் இறுகின. உள்ளூர்ச் சூதாட்டக் கூடங்களுக்கு மாதத்தில் நான்கு முறைக்கு மேல் போகும் அதிகாரியும், ஆண்டு நுழைவுச் சீட்டு வாங்கும் அதிகாரியும் அதைத் தெரிவிக்க வேண்டும். ஊழலுக்கு எளிதில் இலக்காகக்கூடிய பொறுப்புகளில் இருப்பவர்களுக்கு விதி இன்னும் கடுமை. சனிக்கிழமை இரவு சொந்தப் பணத்தில் சூதாடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான். ஆனாலும் பதவியோடு அதற்கு ஒரு தொடர்பு இருப்பதால் கேள்வி வருகிறது.

விருந்தும் நட்பும்: சிக்கல் இங்கேதான் அதிகம்

நான்கு கேள்விகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அங் மோ கியோ நகர மன்றத்தின் பொது மேலாளராக இருந்தவரின் வழக்கு நல்ல பாடம். அவர் நகர மன்றத்தின் நேரடி ஊழியர்கூட இல்லை, நிர்வாக முகவர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். நகர மன்றத்துக்குப் பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு வேலைகள் செய்துவந்த நிறுவனங்களின் இயக்குநர் ஒருவர் அவரைக் கரவோக்கே கூடங்களுக்கும் உணவகங்களுக்கும் அழைத்துப் போனார். செலவு இயக்குநருடையது. கைப்பேசி இணைப்பு வந்தது, மருமகளுக்கு வேலை வந்தது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 86,000 வெள்ளி மதிப்பு. 2019இல் மேலாளருக்கு 27 மாதச் சிறை கிடைத்தது. மேல்முறையீட்டில் 2020இல் அது 39 மாதமாக உயர்த்தப்பட்டது.

அந்தக் கரவோக்கே ரசீதைக் கற்பனை செய்து பாருங்கள். இரவு பதினொரு மணி, அலுவலகம் பூட்டியாயிற்று, உறையில் போட்டு யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. பாட்டு, சாப்பாடு, மது. "நண்பர்கள் சேர்ந்து மகிழ்ந்திருக்கிறார்கள், இதில் லஞ்சம் எங்கே?" என்று கேட்கத் தோன்றும். ரசீதைக் கட்டியவர் பகலில் அந்த மேலாளரின் மேசைக்கு வரும் குத்தகைகளால் பிழைப்பவர் என்று தெரிந்ததும் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. அந்தக் குத்தகைகளுக்கான பணம், புளோக்கில் இருக்கும் பாட்டி மாதாமாதம் கட்டிய கட்டணத்திலிருந்தும் போகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு முடிவையும் சொல்ல வேண்டும். 2013இல் இரண்டு உயரதிகாரிகளின் வழக்குகள் முடிந்தன. ஒருவர் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் முன்னாள் இயக்குநர், மற்றவர் குடிமைத் தற்காப்புப் படையின் முன்னாள் ஆணையர். இருவர் மீதும் ஏறத்தாழ ஒரே குற்றச்சாட்டு: அரசாங்கத்தோடு வணிகத் தொடர்பு உள்ள நிறுவனத்தைச் சேர்ந்த பெண்ணிடமிருந்து பாலியல் சலுகை பெற்றார் என்பது. முதலாமவர் விடுவிக்கப்பட்டார். அது இருவருக்கும் இடையிலான நெருங்கிய உறவு, அதில் ஊழல் நோக்கம் இல்லை என்று நீதிபதி கண்டார். இரண்டாமவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆறு மாதச் சிறை பெற்றார்.

திருமணத்துக்கு வெளியே உறவு வைத்தது சரியா தவறா என்று இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் தீர்ப்பு எழுதவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையல்ல. சலுகைக்கும் பதவிக்கும் தொடர்பு இருந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி. எதிரெதிரான இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுக்க அதில் இருக்கிறது.

ஊழல் வழக்கில் அரசு ஊழியருக்கு எதிராக ஒரு சிறப்பு ஏற்பாடும் உண்டு. அதன் பெயர் சட்ட ஊகம். அரசாங்கத்தோடு அலுவல் வைத்திருப்பவரிடமிருந்து அரசு ஊழியர் ஒரு சலுகை பெற்றார் என்று அரசுத் தரப்பு நிறுவிவிட்டால், அது ஊழல் நோக்கில் பெறப்பட்டது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டும் சுமை பெற்றவர் தலையில் விழும். விடுவிக்கப்பட்ட அந்த இயக்குநர் இந்தச் சுமையைத் தாண்டித்தான் வெளியே வந்தார்.

அடுத்து, முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனின் வழக்கு. தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேசாத வீடு இருந்திருக்காது. ஆதங்கத்தோடு பேசியவர்கள் பலர். "நண்பர் கொடுத்தார், வாங்கினார், பதிலுக்கு எதுவும் செய்யவில்லையே" என்பது அடிக்கடி கேட்ட வாக்கியம். தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஓர் அரசு ஊழியர், தம் அலுவலோடு தொடர்புள்ள ஒருவரிடமிருந்து விலைமதிப்புள்ள பொருளை இலவசமாகவோ போதிய விலை கொடுக்காமலோ பெறுவதே அந்தப் பிரிவின்படி குற்றம். பதிலுக்கு ஏதாவது செய்தாரா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அமைச்சர்களும் அந்தச் சட்டத்தின்படி அரசு ஊழியர்களே. எஃப்1 கார்ப் பந்தய நுழைவுச்சீட்டுகள், மது, மிதிவண்டி என்று வழக்கில் பேசப்பட்ட பொருள்களின் மதிப்பு 400,000 வெள்ளியைத் தாண்டியது. 165ஆம் பிரிவின்கீழ் நான்கு குற்றச்சாட்டுகளையும், நீதிக்கு இடையூறு செய்த ஒரு குற்றச்சாட்டையும் அவர் ஒப்புக்கொண்டார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

நட்பு உண்மையாகவே இருக்கலாம். அந்த நண்பருக்கும் பதவிக்கும் அலுவல் தொடர்பு இருந்தால், பரிசைத் திருப்பிக் கொடுப்பதும் தெரிவிப்பதும் கட்டாயம். சாதாரண அதிகாரிக்கு இந்த விதி சிறிய தொகையிலேயே தொடங்கிவிடுகிறது. 50 வெள்ளிக்கு மேற்பட்ட பரிசைத் தம் விருப்பம்போல் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. துறையிடம் ஒப்படைக்க வேண்டும், வேண்டுமென்றால் உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தீபாவளிக்கு வரும் பலகாரத் தட்டைப் பார்த்து ஓர் அதிகாரி தயங்கினால், அவர் மரியாதை தெரியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

தெருவில் பேசும் பேச்சு

2021 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் வட்டாரத்தில் ஒரு சம்பவம். இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவரும் அவருடைய காதலியும் நடந்து போகும்போது, முன்பின் தெரியாத ஒருவர் அவர்களை மறித்து, வேறு இனத்தவரோடு பழகுவது தவறு என்று பேசினார். காணொளி பரவியது. பேசியவர் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றின் மூத்த விரிவுரையாளர் என்று தெரியவந்தது. கல்லூரி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது, பிறகு விசாரித்து வேலையிலிருந்து நீக்கியது. நீதிமன்றம் பின்னர் வேறு குற்றச்சாட்டுகளையும் சேர்த்து ஐந்து வாரச் சிறையும் 6,000 வெள்ளி அபராதமும் விதித்தது.

அவர் வகுப்பில் இருக்கவில்லை, கல்லூரிச் சட்டையும் போட்டிருக்கவில்லை. ஆனால் அவர் பாடம் நடத்தும் வகுப்பில் எல்லா இனப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் விடைத்தாளை அவர் திருத்துகிறார். "இவர் என்னை நியாயமாக மதிப்பிடுவாரா?" என்று ஒரு மாணவர் கேட்டால் கல்லூரியால் பதில் சொல்ல முடிய வேண்டும். இனவெறிப் பேச்சைக் கேட்டு நிற்க நேர்ந்த எவருக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். இதே பேச்சைக் கிடங்கில் தனியாக வேலை செய்யும் ஒருவர் பேசியிருந்தாலும் சட்டம் அவரைத் தண்டிக்கலாம்; வேலையோடு உள்ள தொடர்பு மட்டும் மெலிந்துவிடும்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டும் காவல் அதிகாரி, மின்சிகரெட்டோடு பிடிபடும் அரசு ஊழியர் ஆகியோரும் இந்த வகைதான். மற்றவர்களிடம் எந்தச் சட்டத்தை நிலைநாட்டுகிறார்களோ அதை அவர்களே மீறுகிறார்கள். ஆகவே எல்லாருக்கும் உள்ள தண்டனையோடு ஒழுங்கு நடவடிக்கையும் சேர்ந்து வரலாம்.

உண்டியல் உவமையில் அடங்காத ஒன்றும் இருக்கிறது: அலுவலகத் தகவலை வீட்டுக்குக் கொண்டுபோவது. அரசாங்கக் கணினியில் அண்டைவீட்டாரின் விவரத்தைத் தேடிப் பார்ப்பதும், இன்னும் வெளியாகாத அறிவிப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அரசுத்துறை ஆளுமைச் சட்டம், அதிகாரத்துவ ரகசியச் சட்டம் போன்றவற்றின்கீழ் குற்றமாகலாம். நல்லெண்ணத்தில் அனுப்பினேன் என்பது தற்காப்பாகாது.

எது உண்மையிலேயே சொந்த விஷயம்?

மணமுறிவு, குடும்பச் சண்டை, சமய நம்பிக்கை, உடை, யாரோடு பழகுகிறார் என்பவை தம்மளவில் பதவியைத் தொடாதவை. சண்டை அடிதடியாக மாறினால் அது குற்றம். அப்போது கேள்வி வேறு. ஊரார் பேசுகிறார்கள் என்பதற்காக மட்டும் ஒருவரின் வேலையில் கைவைக்கச் சொல்வது நியாயமில்லை. நம்மவர்களிடையே அப்படிச் சொல்பவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பெண் ஊழியர்கள்மீதுதான் இந்தக் கத்தி அதிகமாக நீட்டப்படுகிறது.

அப்படியானால் திருமணத்துக்கு வெளியே உறவு வைத்ததற்காக நாடாளுமன்ற நாயகர்கள், அதாவது சபாநாயகர்கள், 2012இலும் 2023இலும் பதவி விலகியது ஏன்? அவர்கள் ஊழியர்கள் அல்லர். தேர்தலில் மக்களின் வாக்கைக் கேட்டு வந்தவர்கள். அவர்கள்மேல் குற்றவியல் வழக்கு இல்லை. கட்சியின் எதிர்பார்ப்பும் வாக்காளர்களின் நம்பிக்கையும் அங்கே அளவுகோல். ஊழியர் விதிக்குக் கட்டுப்பட்டவர், அரசியல்வாதி தீர்ப்பளிக்கும் மக்களுக்குக் கட்டுப்பட்டவர். இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

சுருக்கமாக: பணநெருக்கடி, அலுவல் தொடர்புள்ளவரின் பரிசு, நம்பிக்கையைக் குலைக்கும் பொது நடத்தை, தகவல் கசிவு ஆகியவை பதவியைத் தொடும். குடும்ப வாழ்க்கை தானாகத் தொடாது.

விசாரணை எப்படி நடக்கிறது?

ஒரே செயலுக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று குற்றவியல் வழக்கு. ஊழல் என்றால் 1952இல் தொடங்கப்பட்ட லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு, மற்றவை என்றால் பெரும்பாலும் காவல்துறை விசாரிக்கும், தீர்ப்பு நீதிமன்றத்துடையது. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். மற்றொன்று ஒழுங்கு நடவடிக்கை. இதை நடத்துவது வேலை கொடுத்தவர். இங்கே கேள்வி, விதியை மீறினாரா என்பது. அதற்கு அத்தனை கடுமையான நிரூபணம் தேவையில்லை.

அரசாங்க ஊழியர்களுக்கு ஒழுங்கு அதிகாரம் அரசமைப்புச் சட்டப்படி பொதுச் சேவை ஆணையத்துக்கு உரியது. 1951இல் தொடங்கிய இந்த ஆணையத்தின் உறுப்பினர்கள் அமைச்சர்களுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லர். கோபத்தில் ஓர் அமைச்சர் ஓர் அதிகாரியைத் தூக்கியெறிய முடியாதபடி எழுப்பப்பட்ட மதில் அது. அரசமைப்பின் 110ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் எந்த அரசாங்க ஊழியரையும் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது. "இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பு" என்ற குரலுக்குப் பதில் இங்கே இருக்கிறது. கண்டிப்பு, அபராதம், சம்பள உயர்வு நிறுத்தம், பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் என்று தண்டனைகள் படிப்படியாக உயரும். ஆணைபெற்ற கழகங்களும் நகர மன்றங்களும் தத்தம் வேலை விதிகளின்படி இதே போன்ற விசாரணையை நடத்துகின்றன.

விசாரணை முடியும்வரை ஊழியரைப் பணியிலிருந்து ஒதுக்கி வைப்பதே பணியிடை நீக்கம். இது தண்டனையல்ல, சாட்சிகளும் ஆவணங்களும் கெடாமல் காக்கும் ஏற்பாடு. அப்போது சம்பளத்தில் ஒரு பகுதிதான் கிடைக்கும். "விசாரணையில் இருப்பவருக்குச் சம்பளமா?" என்று ஆத்திரப்படுபவர்கள், அவர் இன்னும் குற்றவாளி ஆகவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஈஸ்வரன் விசாரணையில் இருந்தபோது அவருடைய மாத ஊதியம் 8,500 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. அரசாங்கச் சேவை நடைமுறையைப் பின்பற்றியே அவ்வாறு செய்ததாக அன்றைய பிரதமர் விளக்கினார்.

நீதிமன்றம் விடுவித்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அப்படிச் சொல்ல முடியாது. லஞ்சம் நிரூபணமாகாமல் போகலாம். ஆனால் குத்தகையாளரோடு இருந்த நெருக்கத்தை மேலதிகாரியிடம் தெரிவிக்காமல் அவருடைய குத்தகை பற்றி முடிவெடுத்தார் என்பது தனி மீறல். அதை ஒழுங்கு நடவடிக்கை தனியாகக் கேட்கலாம்.

நீங்கள் ஏதாவது பார்த்துவிட்டால்

முதல் உந்துதல், படம் பிடித்து இணையத்தில் போடுவது. பலன் கிடைப்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய வீட்டு முகவரி, கைப்பேசி எண், பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஆகியவற்றைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு வெளியிடுவது 2020 முதல் குற்றம். ஆள் மாறிப்போனால் சம்பந்தமே இல்லாத ஒருவர் அழிந்துபோவார்.

நகர மன்றப் பணியாளரின் நடத்தை பற்றி என்றால் நகர மன்றத்துக்கும், தேவையென்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் எழுதலாம். அமைச்சு அல்லது கழக ஊழியர் என்றால் அந்தந்த அமைப்பில் மக்களின் புகார்களைக் கவனிக்கும் தரச்சேவை மேலாளருக்கு எழுதலாம். லஞ்சம் என்று சந்தேகித்தால் லெங்கோக் பாருவில் இருக்கும் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்கு நேரிலோ, இணையத்திலோ, 1800-376-0000 என்ற எண்ணிலோ சொல்லலாம். பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்; தகவல் தந்தவரின் அடையாளத்தைச் சட்டம் காக்கிறது. தெரிந்தே பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரியது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எழுதும்போது "அவர் ஒழுக்கம் கெட்டவர்" என்று இரண்டு பக்கம் எழுதினால் விசாரணை அதிகாரிக்குப் பிடிக்க ஒரு நுனியும் கிடைக்காது. எந்த நாள், எந்த உணவகம், யார் யார் இருந்தார்கள், பணம் யார் கட்டினார், அவருக்கும் இவர் அலுவலகத்துக்கும் இடையே எந்தக் குத்தகை அல்லது உரிமம் இருக்கிறது என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே குறிப்பிடுங்கள்.